அவருக்கு இருக்கு, எனக்கு இல்லை: எச்.ஐ.வி.யும் நம் மரபணுவும்

"வீட்டுக்காரருக்கு பாசிட்டிவ். கல்யாணமாகி மூணு வருஷம் ஆச்சு. எனக்கு மூணு தடவை பார்த்துட்டாங்க, நெகட்டிவ்தான். என் ரத்தத்துல ஏதாவது ஸ்பெஷலா இருக்குமா?"

எச்.ஐ.வி. பரிசோதனையும் ஆலோசனையும் தரும் நம்பிக்கை மையத்தில் உட்காருகிற எந்தக் கவுன்சிலருக்கும் இந்தக் கேள்வி பழக்கம். கேட்பவருக்குப் பதிலும் ஏற்கெனவே நாலு பேர் சொல்லியிருப்பார்கள். நாத்தனார் "உனக்கு ஓ குரூப்பு, அதான் ஒட்டல" என்றிருப்பார். மாமியார் "அவ உடம்பு கெட்டி உடம்பு" என்றிருப்பார். யூடியூப் பார்க்கிற தம்பி "அக்கா, டெல்டா 32னு ஒரு ஜீன் இருக்காம், உனக்கு அது இருக்கும்" என்றிருப்பான். மூன்றுமே தப்பு. ஆனால் தம்பி சொன்ன தப்பில் மட்டும் கற்றுக்கொள்ள நிறைய இருக்கிறது. ரத்த வகைக்கும் இதற்கும் ஒட்டுமில்லை உறவுமில்லை.

மரபணுவுக்குப் போகும் முன் ஒரு சின்னக் கணக்கு. சிகிச்சை எடுக்காத கணவரிடமிருந்து மனைவிக்கு, ஆணுறை இல்லாத ஒரு தடவை உறவில் தொற்று பரவும் வாய்ப்பு சராசரியாகப் 10,000-க்கு 8. தப்பிக்கும் வாய்ப்பு 10,000-க்கு 9,992. வருடத்துக்கு 100 தடவை என்று வைத்தால் மூன்று வருடத்தில் 300 தடவை. 0.9992-ஐ 300 முறை பெருக்கிப் பாருங்கள்: 0.79 வரும். அதாவது எந்த விசேஷ மரபணுவும் இல்லாத 100 மனைவிகளில் 79 பேர் மூன்று வருடம் கழித்தும் நெகட்டிவாகத்தான் இருப்பார்கள். ஐந்து வருடம் என்றாலும் 67 பேர். சங்ககிரியிலிருந்து லோடு ஏற்றிக்கொண்டு வடக்கே போய் இருபது நாள் கழித்துத் திரும்புகிறவர் வீட்டில் தடவையின் எண்ணிக்கையே பாதிதான். அங்கே மூன்று வருடத்தில் 88, 89 பேர் நெகட்டிவ். (லாரி ஓட்டுவது நோயல்ல. வீட்டில் இல்லாத நாளைக் கணக்கில் சேர்க்கத்தான் இந்த உதாரணம்.)

ஆகவே மூன்று நெகட்டிவ் ரிப்போர்ட் அதிசயமல்ல, எதிர்பார்க்க வேண்டிய ஒன்றுதான். ஆனால் அது அடுத்த மாதத்துக்கு உத்தரவாதமும் அல்ல. சராசரி என்பது ஏமாற்றும். தொற்று ஏற்பட்ட முதல் சில வாரங்களில் வைரஸ் ரத்தத்தில் லட்சக்கணக்கில் இருக்கும்; அப்போது இந்த 8 பல மடங்காகும். யாராவது ஒருவருக்குப் பிறப்புறுப்பில் புண்ணோ வேறு பால்வினைத் தொற்றோ இருந்தாலும் ஏறும். மறுபக்கம் அதைக் குறைக்கக்கூடியதும் உண்டு. உகாண்டாவின் ராக்காய் பகுதியில் ஒருவர் பாசிட்டிவ், ஒருவர் நெகட்டிவ் என இருந்த 415 தம்பதிகளைத் தொடர்ந்து கவனித்து 2000-இல் வெளியான ஆய்வில், வைரல் லோடு (ரத்தத்தில் இருக்கும் வைரஸின் எண்ணிக்கை) மில்லிக்கு 1,500-க்குக் கீழே இருந்தவர்களின் துணைக்கு ஒருவருக்கும் தொற்றவில்லை. வைரல் லோடு பத்து மடங்கு ஏறும்போதெல்லாம் பரவும் வாய்ப்பு சுமார் இரண்டரை மடங்கு ஏறியது. பிறகு ஐரோப்பாவில் நடந்த பார்ட்னர் ஆய்வுகளில், மருந்தால் வைரஸ் அடங்கியவர்களிடமிருந்து துணைக்குப் பரவியது பூஜ்யம். அந்த அக்காவின் நெகட்டிவை நிர்ணயிப்பது பெரும்பாலும் அவருடைய ஜீன் அல்ல, கணவரின் வைரல் லோடு.

இப்போது தம்பியின் டெல்டா 32.

எச்.ஐ.வி. நம் வெள்ளணுவுக்குள் நுழைய இரண்டு பிடி வேண்டும். முதல் பிடி சிடி4 என்ற புரதம். அதைப் பிடித்ததும் வைரஸின் மேலுறை வளைந்து இரண்டாவது பிடியைத் தேடும். பெரும்பாலும் அது சிசிஆர்5 என்ற புரதம். சில வைரஸ்கள், முக்கியமாக நோய் முற்றிய கட்டத்தில், சிஎக்ஸ்சிஆர்4 என்ற வேறொன்றைப் பிடிக்கும். சிசிஆர்5-க்கான மரபணு 3-ஆம் குரோமோசோமில் இருக்கிறது. அதில் 32 டிஎன்ஏ எழுத்து விழுந்துபோன வடிவம்தான் டெல்டா 32. 1996-இல் கண்டுபிடித்தார்கள்.

32 எழுத்து போனால் அவ்வளவு பெரிய விஷயமா? மரபணுவை உடம்பு மூன்று மூன்று எழுத்தாகத்தான் படிக்கும். தமிழிலேயே செய்து பார்க்கலாம்: படம், மரம், கடல், வயல், பகல். இதில் "மரம்" முழுதாகப் போனால் நஷ்டம் ஒரு சொல்தான். மீதி வாசிக்க முடியும். ஆனால் "மர" என்ற இரண்டு எழுத்து மட்டும் போனால்? படம், ம்கட, ல்வய, ல்பக… அதற்குப் பிறகு எல்லாமே உளறல். 32 என்பது மூன்றால் வகுபடாத எண். பத்து மூன்று போக இரண்டு மிச்சம். அதனால் 352 அமினோ அமிலம் இருக்க வேண்டிய சிசிஆர்5 புரதம் 184 வரை ஒழுங்காக வந்து, பிறகு 31 உளறல் அமிலம் ஒட்டி, 215-இல் அறுந்துவிடும். அந்தத் துண்டு செல்லின் மேற்பரப்புக்கே வந்து சேராது. வைரஸுக்கு இரண்டாவது பிடி இல்லை. 30-ஓ 33-ஓ விழுந்திருந்தால் கதையே வேறு.

அம்மாவிடமிருந்து ஒன்று, அப்பாவிடமிருந்து ஒன்று என இரண்டு பிரதியுமே டெல்டா 32 ஆக இருந்தால்தான் இந்தப் பாதுகாப்பு. அதுவும் நூற்றுக்கு நூறு அல்ல. சிஎக்ஸ்சிஆர்4-ஐப் பிடிக்கும் வைரஸ் இவர்களுக்கும் தொற்றிய சம்பவங்கள் பதிவாகியிருக்கின்றன. ஒரே ஒரு பிரதி இருந்தால் தொற்று வரும், நோய் முற்றுவது சராசரியாக இரண்டு வருடம் போலத் தள்ளிப்போகும், அவ்வளவுதான்.

வட ஐரோப்பிய வம்சாவளியினரில் நூற்றுக்கு ஒருவருக்கு இரண்டு பிரதியும் உண்டு. ஆப்பிரிக்காவிலும் கிழக்கு ஆசியாவிலும் அநேகமாகக் கிடையாது. தென்னிந்தியர்களில் தேடியபோதும் கிட்டத்தட்ட இல்லை. சேலத்துக் கடைவீதியில் ஆயிரம் பேரைப் பிடித்துப் பார்த்தாலும் இரட்டைப் பிரதிக்காரர் ஒருவர் கிடைப்பார் என்று எதிர்பார்க்க முடியாது. சேர்வராயன் மலைக்காரர்கள் உடம்பு வேறு, சொந்தத்திலேயே கல்யாணம் செய்வதால் ஜீன் சேர்ந்திருக்கும் என்றெல்லாம் பேச்சு வருவதுண்டு. சொந்தக் கல்யாணம் ஊரில் இருக்கிற ஜீனைத்தான் ஒரே ஆளிடம் இரண்டாகச் சேர்க்கும். இல்லாததை எங்கிருந்து கொண்டுவரும்?

இருந்தாலும் பார்த்தே தீருவேன் என்பவர்களுக்காக, ஆய்வகத்தில் நடப்பதைச் சொல்லிவிடுகிறேன். இது எளிய சோதனை, அதனாலேயே எளிதில் கெடும் சோதனை. ஊதா மூடி போட்ட இடிடிஏ குழாயில் 2 மில்லி ரத்தம் போதும். பச்சை மூடிக் குழாயில் எடுத்து அனுப்பினால் அதிலுள்ள ஹெப்பாரின், டிஎன்ஏவைப் பெருக்கும் பிசிஆர் நொதியை முடக்கிவிடும். "டிஎன்ஏ வரவில்லை" என்று திருப்பி அனுப்புவார்கள். டிஎன்ஏவைப் பிரித்து, விழுந்த இடத்துக்கு இருபுறமும் ஒட்டும் இரண்டு ப்ரைமர் (குட்டி டிஎன்ஏ துண்டு) போட்டு 30, 35 சுற்றுப் பெருக்குவார்கள். வழக்கமாகப் பயன்படும் ப்ரைமர் ஜோடியில் முழு மரபணு 189 எழுத்துத் துண்டாகவும், டெல்டா 32 அதில் 32 குறைந்து 157 ஆகவும் வரும். ஜெல்லில் ஓட்டும்போது சின்னத் துண்டு முன்னால் ஓடும்.

கோட்டை விடுவது இங்கேதான். ஆய்வகத்தில் தினமும் வார்க்கிற 1 சதவீத அகரோஸ் ஜெல்லில் 189-ம் 157-ம் ஒட்டிக்கொண்டு ஒரே பட்டையாகத் தெரியும். 3 சதவீதம் வார்க்க வேண்டும். அது சீக்கிரம் உறையும், குமிழி பிடிக்கும், அதனால் பலருக்கு அதில் கைவராது. கூடவே, அளவு தெரிந்த துண்டுகளின் 'ஏணி' பக்கத்தில் ஓடாவிட்டால் ஒற்றைப் பட்டை எது என்றே சொல்ல முடியாது. இரண்டும் கலந்தவருக்கு இரண்டு பட்டை வரும். அவற்றுக்கு மேலே மங்கலாக மூன்றாவது பட்டையும் வரும். பொருந்தாத இரண்டு இழை ஜோடி சேர்ந்து, நடுவில் 32 எழுத்து வளையமாகத் துருத்திக்கொண்டு மெதுவாக ஓடுவதால் வருவது அது. அனுபவமில்லாதவர் அதைக் கலப்படம் என்று எழுதிவிடுவார்.

எச்சில் வாங்கிக்கொண்டு ஜாதகம் மாதிரி ரிப்போர்ட் தருகிற கம்பெனிகளின் கோப்பில் இந்த இடம் ஆர்எஸ்333 என்ற எண்ணிலோ கம்பெனியின் சொந்த எண்ணிலோ இருக்கும். சில கோப்புகளில் ஐஐ, டிஐ, டிடி என்று எழுதியிருப்பார்கள். ஐ என்றால் 32 எழுத்தும் இருக்கிறது, டி என்றால் விழுந்துவிட்டது. ஐஐ பார்த்துக் குதூகலிக்கிறார்கள். அது எல்லோரையும் போல என்றுதான் அர்த்தம். இரண்டு சிறு கோடு போட்டிருந்தால் "படிக்க முடியவில்லை" என்று பொருள், "விழுந்துவிட்டது" என்று அல்ல.

இப்படி மரபணுவைப் படிக்கிற சிப்பை நம்புவதில் பெரிய கைகளே சறுக்கியிருக்கின்றன. 2019 ஜூனில், டெல்டா 32 இரட்டைப் பிரதிக்காரர்களுக்கு மரண வாய்ப்பு 21 சதவீதம் கூடுதல் என்று பிரிட்டனின் யுகே பயோபேங்க் என்ற பெரிய மரபணு-உடல்நலத் தொகுப்பின் தரவை வைத்து நேச்சர் மெடிசின் இதழில் ஒரு கட்டுரை வந்தது. உலகமெல்லாம் செய்தியானது. பிறகு பார்த்தால், டெல்டா 32-க்குப் பதிலியாக அவர்கள் எடுத்த சிப் ஊசி (சிப்பில் ஓர் இடத்தைப் படிக்கும் துண்டு) சரியாகப் படிக்காமல், இரட்டைப் பிரதிக்காரர்கள் பலரைக் கணக்கில் விட்டிருந்தது. ஆள் குறைந்தது ஊசியின் கோளாறால். அவர்களோ "செத்துப்போய்விட்டார்கள்" என்று வாசித்துவிட்டார்கள். அக்டோபரிலேயே கட்டுரை திரும்பப் பெறப்பட்டது. மற்றபடி டெல்டா 32 இனாமாக வருவதல்ல என்பது உண்மை. சிசிஆர்5 இல்லாதவர்களுக்கு வெஸ்ட் நைல் வைரஸ் தொற்றினால் நோய் கடுமையாகும் வாய்ப்பு அதிகம்.

பெர்லினில் 2007-இல் திமோதி ரே பிரவுனுக்கு, ரத்தப் புற்றுநோய்க்காக, டெல்டா 32 இரட்டைப் பிரதி உள்ளவரின் ஸ்டெம்செல்லை ஏற்றினார்கள், எச்.ஐ.வி.யும் போனது. அதை வைத்து "ஊசி கண்டுபிடிச்சாச்சு" என்று வருடத்துக்கு ஒரு வாட்ஸ்அப் சுற்றுகிறது. உயிருக்கே ஆபத்தான அந்தச் சிகிச்சையைப் புற்றுநோய் இல்லாதவருக்கு எந்த டாக்டரும் செய்ய மாட்டார். பிரவுன் 2020-இல் இறந்ததும் திரும்பி வந்த புற்றுநோயால்தான். சீனாவில் 2018-இல் ஹே ஜியான்குய் என்ற விஞ்ஞானி கருவிலேயே சிசிஆர்5-ஐ வெட்டிய கதையில், பிறந்த இரட்டைக் குழந்தைகளுக்கு வந்தது அசல் டெல்டா 32 கூட அல்ல. வேறு விதமான வெட்டுகள். அவருக்கு மூன்று வருடச் சிறை. இந்த ஆராய்ச்சியில் மருந்துக்கடை வரை வந்து சேர்ந்தது 2007-இல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மாராவிராக் மாத்திரை ஒன்றுதான். சிசிஆர்5-ஐ அடைத்து வைக்கும்.

டெல்டா 32 தவிர வேறு ஜீன் இருக்காதா என்று தேடாமல் இல்லை. 1980-களின் தொடக்கத்தில், எச்.ஐ.வி. கலந்த, ரத்தம் உறைய உதவும் மருந்தைத் திரும்பத் திரும்ப ஏற்றிக்கொண்டும் தொற்றாமல் தப்பிய ஹீமோஃபீலியா (ரத்தம் சரியாக உறையாத நோய்) நோயாளிகள் 430 பேரின் மரபணுவைத் துழாவினார்கள். இதைவிட உறுதியான வெளிப்பாடு கிடைக்காது. இன்னொரு பக்கம் தொற்றிய 6,300 பேரையும் தொற்றாத 7,200 பேரையும் ஒப்பிட்டார்கள். இரண்டும் 2013-இல் வெளிவந்தன. இரண்டிலும் தேறியது டெல்டா 32 இரட்டைப் பிரதி மட்டுமே. பரவலாகக் காணப்படும் வேறு எந்த மாற்றமும் "தொற்றாமல் காக்கிறது" என்று நிற்கவில்லை. நான் இந்த இரண்டு ஆய்வையும் டெல்டா 32-ஐ விட முக்கியமாக நினைக்கிறேன். ஆனால் "எதுவும் கிடைக்கவில்லை" என்பதற்கு யூடியூபில் பார்வை வராது.

தொற்றிய பிறகு மரபணு பேச ஆரம்பிக்கும். 6-ஆம் குரோமோசோமில் எச்எல்ஏ என்ற மரபணுக் கூட்டம் இருக்கிறது. செல்லுக்குள் என்ன நடக்கிறது என்று துண்டு துண்டாக வெளியே எடுத்துக் காட்டும் தட்டு அது. ஒவ்வொருவர் தட்டின் பள்ளமும் ஒவ்வொரு வடிவம். எந்தத் துண்டு அதில் உட்காரும் என்பதை வடிவமே தீர்மானிக்கும். எச்எல்ஏ-பி57 தட்டில் எச்.ஐ.வி.யின் உள்கூட்டுப் புரதத் துண்டு நன்றாக உட்காரும். அந்தக் கூட்டை மாற்றித் தப்பிக்கப் பார்த்தால் வைரஸுக்கே பெருகும் வலு குறைந்துவிடும். அதனால் பி57, பி27 உள்ளவர்களில் சிலர் மருந்தில்லாமலே பல வருடம் வைரஸை அடக்கி வைக்கிறார்கள். பி35-இன் சில வகைகள் உள்ளவர்களுக்கு நேர்மாறாகச் சீக்கிரம் முற்றும். சிகிச்சை இல்லாதபோது ஆளுக்கு ஆள் வைரல் லோடு வேறுபடுவதில் சுமார் கால்பங்கை எச்எல்ஏவும் சிசிஆர்5-ம் விளக்குகின்றன என்பது ஐரோப்பிய வம்சாவளியினரை வைத்துப் போட்ட கணக்கு.

இங்கே நம் பக்கத்துச் சொந்தக் கல்யாணம் உண்மையிலேயே கணக்கில் வருகிறது. எச்எல்ஏவில் இரண்டு பக்கத்துத் தட்டும் வேறு வேறாக இருந்தால் அதிக வகைத் துண்டுகளைக் காட்டலாம். தாய்மாமனைக் கட்டியவரின் குழந்தைக்கு, ஒரே முன்னோரின் எச்எல்ஏ இரண்டு பக்கமாகவும் வந்து சேரும் வாய்ப்பு எட்டில் ஒன்று. அத்தை மகன், மாமன் மகள் என்றால் பதினாறில் ஒன்று. இரண்டும் ஒன்றாகிப் போனவர்களுக்குத் தொற்று வந்தால், மருந்தில்லாத நிலையில் நோய் வேகமாக முற்றும் என்று 1999-லேயே காட்டினார்கள். மருந்து தொடங்கிவிட்டால் இந்த வித்தியாசத்தைப் பற்றிக் கவலைப்பட வேண்டியதில்லை. 2017 முதல் சிடி4 உள்ள வெள்ளணு எவ்வளவு என்று காத்திராமல் பாசிட்டிவ் என்றதும் மருந்து தருகிறார்கள். இப்போது வழக்கமாகத் தருவது டெனோஃபோவிர் 300, லாமிவுடின் 300, டொலுடெக்ராவிர் 50 மில்லிகிராம், மூன்றும் ஒரே மாத்திரையில், தினம் ஒன்று.

ஆகவே அந்த அக்காவுக்குச் செய்ய வேண்டியது ஜீன் டெஸ்ட் அல்ல. கணவரின் கடைசி வைரல் லோடு எண்ணை எச்.ஐ.வி. மருந்து தரும் ஏ.ஆர்.டி. மையத்தில் கேட்டு வாங்குவது. மருந்து தொடங்கி ஆறாவது மாதமும் பன்னிரண்டாவது மாதமும், பிறகு வருடா வருடமும் எடுப்பார்கள். அது அடங்கும்வரை ஆணுறை. தனக்கு ஆறு மாதத்துக்கு ஒருமுறை பரிசோதனை. ஆணுறை கிழிந்தால் 72 மணி நேரத்துக்குள், முடிந்தால் முதல் இரண்டு மணிக்குள் தடுப்பு மருந்தைத் தொடங்கி 28 நாள் விடாமல் எடுக்க வேண்டும். ஏற்காட்டு எஸ்டேட்டில் இருப்பவர் சனிக்கிழமை ராத்திரி நடந்ததைத் திங்கள்கிழமை இறங்கிப் போய்ச் சொல்லலாம் என்று நினைத்தால் பாதிக் கெடு மலையிலேயே போய்விடும். இருபது கொண்டை ஊசி வளைவுதான், அன்றைக்கே சேலம் அரசு மருத்துவமனை அவசரப் பிரிவுக்கு இறங்கிவிட வேண்டும். சந்தேகம் கேட்க எய்ட்ஸ் உதவி எண் 1097, கட்டணமில்லை.

உண்மையிலேயே காசு கொடுத்துப் பார்க்க வேண்டிய மரபணுச் சோதனை ஒன்று உண்டு. அதைக் கேட்பவர்தான் குறைவு. எச்எல்ஏ-பி*57:01. வைரஸை அடக்க உதவும் அதே பி57 குடும்பம்தான். இந்த வகை உள்ளவர் அபாகவிர் என்ற எச்.ஐ.வி. மருந்தை எடுத்தால், அது தட்டின் பள்ளத்துக்குள் போய் உட்கார்ந்து அதன் வடிவத்தையே மாற்றிவிடும். உடம்பு தன் துண்டுகளையே அந்நியம் என்று நினைத்துப் பாயும். சிறுநீரகக் கோளாறால் டெனோஃபோவிர் ஒத்துவராதவர்களுக்கும் குழந்தைகளுக்கும் அபாகவிர் கொடுக்கிறார்கள். 1,956 பேரை வைத்து 2008-இல் வெளியான பிரெடிக்ட்-1 ஆய்வில், முன்கூட்டியே சோதித்து பி*57:01 உள்ளவர்களுக்கு மருந்தைத் தவிர்த்த பிரிவில் உறுதியான ஒவ்வாமை ஒருவருக்கும் வரவில்லை. சோதிக்காத பிரிவில் 2.7 சதவீதம் பேருக்கு வந்தது. பி*57:01 இருந்தால் கட்டாயம் ஒவ்வாமை வரும் என்று அர்த்தமில்லை, ஏறக்குறைய பாதிப் பேருக்குத்தான் வரும். ஆனாலும் அந்த மருந்தைத் தொடக் கூடாது. "பி57" என்று மட்டும் ரிப்போர்ட் வந்தால் போதாது. பி*57:03 என்ற ஆப்பிரிக்காவில் அதிகமுள்ள வகைக்கு இந்த ஆபத்தில்லை, ஆகவே கடைசி இரண்டு எண்ணும் இருக்க வேண்டும். வாழ்நாளில் ஒருமுறை பார்த்தால் போதும்.

ஒவ்வாமை பெரும்பாலும் முதல் ஆறு வாரத்துக்குள் வரும். காய்ச்சல், தடிப்பு, வாந்தி, இருமல், அசதி. சளிக் காய்ச்சல் என்று விட்டுவிடும்படிதான் இருக்கும். வித்தியாசம் ஒன்று: ஒவ்வொரு வேளை மாத்திரைக்குப் பிறகும் முந்தியதைவிடக் கூடும். மருந்தை நிறுத்தியதும் ஓரிரு நாளில் தணியும். அப்போதுதான் பெரிய தப்பு நடக்கிறது. "இப்ப சரியாப் போச்சே" என்று மறுபடி போட்டுக்கொள்வார்கள். இரண்டாவது தடவை சில மணி நேரத்தில் ரத்த அழுத்தம் இறங்கி உயிர் போகலாம். அபாகவிர் பல கூட்டு மாத்திரைகளுக்குள் வேறு வேறு பிராண்டு பெயரில் ஒளிந்திருக்கும். அதனால் சிகிச்சை அட்டையின் முதல் பக்கத்தில் "அபாகவிர் கூடாது" என்று மருந்தின் பெயரைப் போட்டே எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்; டப்பாவின் பெயரை எழுதினால் அடுத்த மாதம் வேறு டப்பா வரும்.